நீல வண்டி

சங்ககிரியில் பழைய வண்டி விற்கும் பொன்னுரங்கத்துக்கு வாய் அதிகம். கரும்புச்சாறு வண்டியை இழுத்துப் போக ஒரு பிக்கப் தேடி வந்த செல்லாயியிடம், "இந்த ஷெட்டுல எதைக் கை காட்டினாலும் ஒரே விலைதான். ஆனா ஓட்டிப் பார்க்கக் கூடாது, பானட்டைத் திறக்கக் கூடாது" என்றார். வாங்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சரிங்கண்ணா. அதுக்கு முன்னாடி ஓர் உதவி. தள்ளிட்டு வந்த சாறு வண்டி உங்க வாசல் சேத்துல மாட்டிக்கிச்சு."

பொன்னுரங்கம் கெத்தாக டிரைவரைக் கூப்பிட்டார். "அந்த நீல வண்டியில கட்டி இழுத்து விடு."

பளபளத்த வண்டிகளைத் தாண்டி, பெயிண்ட் உதிர்ந்த நீல பிக்கப் வந்தது. ஒரே இழுப்பு, சாறு வண்டி மேலே ஏறிவிட்டது.

செல்லாயி கை காட்டினாள். "இதுதாங்கண்ணா வேணும்."

பொன்னுரங்கம் பதறிப்போனார். "ஐயோ, அதை மட்டும் கேட்காத! இங்க நிக்கிற அத்தனையையும் அதுதான் கட்டி இழுத்துட்டு வந்துச்சு!"

சிரித்தவர்கள் பளபளத்த வண்டிகளை விட்டு விலகி நின்றார்கள்.

"அப்ப கயித்தை அவிழ்க்க வேண்டாங்கண்ணா," என்றாள் செல்லாயி. "சாவியை மட்டும் குடுங்க."