தொட்டியில் ஏறிய தண்ணீர்

ஐந்து மீனில் நான்கு செத்துப்போயின. மிச்சமிருந்த கோமாளி மீன் அடிமணலில் ஒருக்களித்துக் கிடந்தது.

ஆறுமுகநயினார் ஜெசிந்தாவின் கடைக்குப் போனார். தூத்துக்குடியில், மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி, கடல் வண்ணமீன் விற்கிறவள் அவள். வயது நாற்பத்துமூன்று. அவருக்கு அறுபத்தெட்டு. தொட்டியில் மீன் வளர்க்கிற விஷயத்தில் அவள்தான் குரு. அவருக்கு அதில் வெட்கம் இல்லை.

"எத்தனை போச்சு?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"நாலு."

"மிச்சம்?"

"ஒண்ணு. அதுவும் படுத்துட்டு."

"என்ன செஞ்சிய?"

"நீ சொன்னதத்தான் செஞ்சேன். ஒரு மாசம் காலித் தொட்டிய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம்தான் மீன் விட்டேன். தீவனம் ஒரு சிட்டிகைக்கு மேல போடல."

"தண்ணி?"

"குறையவே விடல. தினம் விடியக்காலம் கடலுக்குப் போய் ஒரு கேன் மொண்டுட்டு வாரேன். வத்துனத கோடு வரைக்கும் நிறைச்சிருதேன். ஒரு நாள் தப்புனதில்ல."

ஜெசிந்தா இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"கடல் தண்ணியா?"

"பின்ன? கடல் மீனுக்குக் கிணத்துத் தண்ணியா ஊத்துவாங்க? மட்டம் குறையக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன?"

"சொன்னேன். எதை ஊத்தணும்னு நான் சொல்லல. நீங்களும் கேக்கல."

அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உப்பளத்துல என்ன வேலை பாத்திய அண்ணாச்சி?"

"பாத்திக்குத் தண்ணி பாய்ச்சுத மேஸ்திரி. முப்பத்தாறு வருஷம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"தொட்டித் தண்ணில உப்பு எவ்வளவுன்னு டிகிரி பாத்தியளா?"

"எனக்கு எதுக்கு அந்தக் கண்ணாடிக் குழலு? நாக்குல வச்சா சொல்லிருவேன். சரியாத்தான் இருக்கு."

அவர் பக்கத்தில் ஒரு டிபன் கேரியர் இருந்தது. மதியச் சாப்பாட்டைத் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து சாப்பிடுவது அவர் வழக்கம். வீட்டில் சோறு இறங்குவதில்லை. ஜெசிந்தா அதைக் கேட்காமலே திறந்தாள். குழம்பில் விரலை வைத்து நக்கினாள். எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"யாரு வச்சது?"

"நான்தான்."

"உப்பு கொட்டிக் கிடக்கு."

"எனக்குச் சரியா இருக்கு."

"வீட்ல யாரும் சொல்ல மாட்டாங்களா?"

"வீட்ல யாரும் இல்ல."

மனைவி போய் இரண்டு வருஷம். மகன் மஸ்கட்டில். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். அங்கே வெயில் என்பான். இங்கேயும் வெயில் என்பார். வைத்துவிடுவார்கள்.

"தொட்டிய யாருக்காவது குடுத்துருங்க அண்ணாச்சி. உங்களுக்கு இது சரிப்படாது."

அவர் எழுந்திருக்கவில்லை.

"இந்த ஒண்ணு மட்டும் பிழைக்கணும் தாயி. இதுவும் போச்சுன்னா அந்த வீட்ல மூச்சு விடுதது நான் ஒருத்தன்தான்."

ஜெசிந்தா உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து வந்தாள். விளிம்பு உயர்ந்த தட்டு. உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறினாள்.

"இன்னிக்குத் தொட்டியிலேருந்து ஒரு வாளி தண்ணி எடுத்துக் கொட்டுங்க. அதுக்கப்புறம் ஏழு நாளைக்குத் தொட்டியில கை வைக்கக் கூடாது. ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. தீவனம் மட்டும் போடலாம்."

"வத்திருமே!"

"வத்தட்டும்."

"கடலுக்குப் போக வேண்டாமா?"

"போங்க. மொண்டுட்டு வந்து இந்தத் தட்டுல ஊத்துங்க. மொட்டை மாடியில வையுங்க. வத்த வத்த கோடு வரைக்கும் நிறைச்சுக்கிட்டே இருங்க."

"தட்டுல மீன் இல்லையே."

"இல்ல."

"அப்ப எதுக்கு?"

"கேள்வி நல்லாத்தான் இருக்கு. ஏழு நாள் கழிச்சுத் தட்டோட வாங்க. இப்ப எந்திரிங்க, வழிய மறைக்கிய."

அவர் சொன்னபடி செய்தார். ஒரு வாளி எடுத்துக் கொட்டியதும் தண்ணீர் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாளிலிருந்து பழையபடிதான். ஐந்து மணிக்குக் கேனோடு கிளம்புவார். சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கும். ஏழரைக்குத் திரும்புவார். அதற்குள் வீடு பெருக்கித் துடைத்திருக்கும். பாத்திரம் கவிழ்த்திருக்கும். மாடிக்குப் போய்த் தட்டை நிறைப்பார். இறங்கி வந்து தொட்டி முன்னால் உட்காருவார்.

மூன்றாம் நாள் அவருக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று தோன்றியது. தண்ணீர் குறையவில்லை. ஏறியிருந்தது.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பென்சிலால் கண்ணாடிச் சுவரில் ஒரு அடையாளம் வைத்தார். நான்காம் நாள் தண்ணீர் அந்த அடையாளத்தை முழுக்காட்டிவிட்டு மேலே நின்றது.

சித்திரை மாதம். காற்று வேறு சுழற்றி அடிக்கிறது. இந்தக் காற்றில் பாத்தித் தண்ணீர் எத்தனை நாளில் இறங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர். முப்பத்தாறு வருஷத்தில் தண்ணீர் இறங்கித்தான் பார்த்திருக்கிறார். மழை இல்லாமல் ஏறிப் பார்த்ததில்லை. மாடியில் தட்டு தினமும் வற்றியது. கீழே தொட்டி தினமும் ஏறியது.

ஐந்தாம் நாள் மீன் நிமிர்ந்தது. ஆறாம் நாள் மேலே வந்து தீவனத்தைக் கவ்வியது.

"ஏலே!" என்றார் நயினார்.

இரண்டு நாளாக அந்த வீட்டில் யாரும் பேசிய சொல் அது ஒன்றுதான். சொன்ன வேகத்தில், யாரிடமாவது காட்ட வேண்டும் என்று திரும்பினார். யாரும் இல்லை. தரை மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.

ஏழாம் நாள் தட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

"என்ன கொண்டு வந்திருக்கிய?"

அவர் துண்டை விலக்கினார். தட்டு முழுக்க வெள்ளை ஏடு படிந்திருந்தது.

"உப்பு" என்றார், குரல் இறங்கி.

"எப்படி வந்துச்சு?"

அளத்துக்கு வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் முதல் நாள் அவர் சொல்லிக்கொடுத்தது அது. இப்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தண்ணி போகும். உப்பு போகாது."

"அப்ப மேல மேல கடல் தண்ணிய ஊத்துனா?"

"விளையும்."

"மூணு மாசமா நீங்க மீன் வளக்கல அண்ணாச்சி. முன்ரூம்புல அளம் போட்டிருக்கிய."

அவர் தட்டின் விளிம்பை நகத்தால் சுரண்டினார்.

"இனிமே எதை ஊத்த?"

"எது போச்சோ அதை."

"போனது நல்ல தண்ணி."

"அதை ஊத்துங்க. முடிஞ்சுது."

அவர் போகவில்லை.

"பின்ன என்ன?"

"மீன் எந்திரிச்சிட்டும்மா. தீவனம் எடுக்கு."

"நல்லது."

"நான் ஒரு சொட்டு ஊத்தல. தட்டு வத்துது, தொட்டி ஏறுது. இன்னிக்குக் கோட்டுக்கே வந்துட்டு. நீ என்ன செஞ்ச?"

"நான் ஒண்ணும் செய்யல."

"மறைக்காத. ஏதோ மந்திரம்..."

"மந்திரம் தெரிஞ்சவ இந்தக் கவுச்சிக்குள்ள ஏன் உக்காந்திருக்கேன்?"

ஒரு தொட்டியின் மூடியை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மூணாம் நாள் விடியக்காலம் உங்க வீட்டுக்கு வந்தேன். நீங்க கடலுக்குப் போயிருந்திய. பாடம் உங்களுக்கு. அதுக்கு மீன் ஏன் சாகணும்? ரெண்டு கேன் நல்ல தண்ணி கொண்டு வந்திருந்தேன். ஊத்திட்டுப் போயிரலாம்னு."

"பாத்தியா, நீதான்!"

"அவசரப்படாதிய. கேனைத் திறக்கவே இல்ல. வந்த மாதிரியே தூக்கிட்டுப் போனேன். அங்க எனக்கு வேலை இல்ல."

"ஏன்?"

"ஒருத்தி தொடப்பத்தச் சுவத்துல சாத்தி வச்சிட்டு, குடிதண்ணிய செம்புல மொண்டு தொட்டியில ஊத்திக்கிட்டு நின்னா. ஏன் ஊத்துதேன்னு கேட்டேன். நாள் பூரா உப்புத் தண்ணியிலேயே கிடக்கே, அதுக்குத் தாகம் எடுக்காதான்னா."

நயினார் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"செத்த நாலாவது மீனை மணலோட அள்ளிப் போட்டது அவதானாம். அன்னையிலேருந்து தினம் ஒரு செம்பு. இப்ப தண்ணி ரொம்பக் கீழ கிடக்கேன்னு மூணு செம்பு. இந்த மீன் கிடந்த கெடைக்கு என்னைக்கோ போயிருக்கணும், ஏன் போகலைன்னு நானும் யோசிச்சேன். தொட்டியத் தொடக் கூடாதுன்னு ஐயா ஒரு தடவை சத்தம் போட்டாவளாம். சொல்லிராதீங்க அக்கான்னு கையப் புடிச்சுக்கிட்டா."

"என் வீட்லயா?"

"உங்க வீட்லதான்."

"என் வீட்ல யாரும்..."

நிறுத்திக்கொண்டார்.

ஜெசிந்தா அவர் கையிலிருந்த தட்டை வாங்கினாள். உப்பைத் தட்டிவிட்டுக் கழுவினாள்.

"எத்தனை நாளா வாரா அவ?" என்று அவரே கேட்டார்.

"மூணு வருஷமாம். உங்க வீட்டம்மா இருக்கும்போதே வந்தவ."

"'ஏம்மா'ன்னுதான் கூப்பிடுவேன். எப்பவாவது எதிர்ல வந்தா."

"சொன்னா."

அவர் துண்டை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"அவ பேரு என்ன?"

ஜெசிந்தா தட்டைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"சந்தனமாரி."