உள்பிடி இல்லாத கதவு

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே கோவனூர் என்றொரு நாடு. அதை மகுடவர்மன் என்கிற ராஜா ஆண்டுவந்த காலத்தில் நடந்தது இது. ராஜா கெட்டவர் இல்லை. ஆனால் காலையில் ஒன்று சொல்வார், சாப்பிட்டு எழுந்ததும் வேறொன்று சொல்வார். இரண்டுக்கும் சபை தலையாட்ட வேண்டும்.

அந்த அரண்மனையில் ஒரு சட்டம் உண்டு. ராஜா ஓர் அறைக்குள் போனால் பின்னாலேயே கதவைச் சாத்திவிட வேண்டும். உள்ளேயிருந்து அவர் கைதட்டும்வரை எவனும் திறக்கக் கூடாது. திறந்தால் தலை போகும். ராஜா வேட்டி மாற்றும்போது யாரோ ஒரு காவலன் எட்டிப் பார்த்துவிட்டானாம், அதனால் வந்த வினை.

ஒருநாள் ராஜா சபைக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "பழைய கோட்டையின் நிலவறையில் என் பாட்டனார் வாள் கிடப்பதாகக் கனவு கண்டேன். இப்போதே போய் எடுக்கப் போகிறேன்."

மந்திரி காரிக்கண்ணர் பதறி எழுந்தார். "மகாராஜா, அது ஆள் புழங்காமல் பாழடைந்த இடம். பொக்கிஷம் வைத்திருந்த அறை என்பதால் கதவுக்கு உள்பக்கம் பிடியே கிடையாது. புகுந்த திருடன் மாட்டிக்கொள்ளட்டும் என்று அப்படிச் செய்தார்கள். போகத்தான் வேண்டுமென்றால், முதலில் கதவுக்கு முட்டுக் கொடுப்போம். வெளியே விவரம் தெரிந்த ஆளை நிறுத்துவோம்."

தளவாய் சூரப்பன் கடகடவென்று சிரித்தான். மந்திரியின் முத்திரை மோதிரத்தின் மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண். "மந்திரியாருக்குப் பயம் வந்துவிட்டது மகாராஜா! சொந்தப் பாட்டனார் வீட்டுக்குள் போக ராஜாவுக்கு முட்டுக்கட்டை வேண்டுமாம்!"

ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "காரிக்கண்ணரே, நீரும் வாரும். ஆபத்தில்லாமல் திரும்பினால் உம் மோதிரம் சூரப்பனுக்கு. சம்மதமா?"

"சம்மதம் மகாராஜா. மோதிரம் போனாலும் பரவாயில்லை, நாம் திரும்பினால் போதும்."

கஜவல்லி என்ற பட்டத்து யானையின் மேல் ராஜா கிளம்பினார். மந்திரியும் சூரப்பனும் இரண்டு காவலரும் பின்னால் போனார்கள். அந்த யானையிடம் ஒரு பிடிவாதம். உச்சிவேளை முரசு கேட்டால் போதும், எங்கே நின்றாலும் ஏரிக்குக் குளிக்கக் கிளம்பிவிடுவாள். சங்கிலியைப் பிடித்து நிறுத்தினால் சங்கிலியோடு போவாள், பாகனைப் பிடித்து நிறுத்தினால் பாகனோடு போவாள்.

நிலவறை வாசலுக்கு வந்ததும் மந்திரி ஒரு கட்டையைத் தேடி எடுத்துக் கதவிடுக்கில் வைத்தார். சூரப்பன் விடுவானா? "ராஜா உள்ளே இருக்கும்போது கதவு சந்தைக்கடை மாதிரி திறந்து கிடப்பதா? சட்டம் என்ன ஆவது?"

"அதானே!" என்று ராஜா கட்டையை எட்டி உதைத்தார்.

மந்திரி யானைப் பக்கம் திரும்பினார். "யானையையாவது என் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ளலாமா, மகாராஜா?"

"எங்கே வேண்டுமானாலும் கட்டும். சீக்கிரம் வாரும்!"

மந்திரி ஒரு தடித்த வடத்தால் யானையைக் கதவின் வெளி வளையத்தோடு கட்டினார். பாகன் காதில் ஏதோ சொல்லிவிட்டு, ஒரு விளக்கையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு, ராஜாவுக்கும் சூரப்பனுக்கும் பின்னால் கடைசி ஆளாக உள்ளே நுழைந்தார். காவலர் இருவரும் கதவைச் சாத்தினார்கள்.

படிகள் இறங்கின. மூலையில் துருவேறிய வாள் ஒன்று கிடக்கத்தான் செய்தது. ராஜா ஆவலோடு தூக்கினார். பிடி மட்டும் கையோடு வந்தது. "சரி, போகலாம்" என்று மேலே ஏறிக் கைதட்டினார்.

கதவு திறக்கவில்லை. மறுபடியும் தட்டினார். உள்ளங்கை சிவக்கத் தட்டினார். கல்சுவர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது. சூரப்பன் தோளால் மோதினான், கதவு அசையவே இல்லை. "வேறு வழி இருக்கும்!" என்று கத்திக்கொண்டு இருட்டுக்குள் இறங்கி ஓடப் பார்த்தான்.

"நில்லும் தளவாயே!" மந்திரி அவன் கையைப் பிடித்து இழுத்தார். கயிற்றில் கட்டி விளக்கைக் கீழே இறக்கினார். தரையை நெருங்க நெருங்கச் சுடர் சுருங்கியது. மேலே தூக்கியதும் கொஞ்சம் நிமிர்ந்தது. "கீழே கெட்ட காற்று. வாளை எடுத்ததும் ஏறிவிட்டதால் தப்பினோம். இனி இறங்கினால் மயக்கம் வரும், அப்புறம் எழுந்திருக்க முடியாது. மேல்படியிலேயே இருங்கள். கத்தாதீர்கள், இருக்கிற காற்றுதான் நமக்கு."

மூவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். ராஜாவின் மூச்சு இரைந்தது. சூரப்பன் வாய்விட்டு அழுதான். நேரம் நகரவே இல்லை. மேல்படியிலும் சுடர் மங்கத் தொடங்கியது. மந்திரிக்கும் நெற்றியில் வியர்வை. கட்டிய முடிச்சு நிற்குமா என்ற பயம் அவருக்கு.

ராஜா மெல்லக் கேட்டார்: "காரிக்கண்ணரே, நான் அந்தக் கட்டையை உதைத்திருக்கக் கூடாது, இல்லையா?"

"ஆமாம் மகாராஜா. உதைத்திருக்கக் கூடாது."

அப்போது கதவு முனகியது. கிறீச்சென்று நகர்ந்தது. அடுத்த நொடி கீலோடு பிய்ந்து வெளியே போய் விழுந்தது. வெயில் உள்ளே பாய்ந்தது. மூவரும் தவழ்ந்து வெளியே வந்து மூச்சை வாரி வாரி இழுத்தார்கள். தூரத்தில் உச்சிவேளை முரசு இன்னும் அதிர்ந்துகொண்டிருக்க, கதவை இழுத்துக்கொண்டு ஏரியைப் பார்த்து நடந்தாள் கஜவல்லி.

"பாகனிடம் என்ன சொன்னீர்?" என்றார் ராஜா.

"அவள் கிளம்பினால் தடுக்காதே என்றேன். சட்டத்துக்குப் பயப்படாத ஆள் நம் அரண்மனையில் அவள் ஒருத்திதான், மகாராஜா."

காவலர் இருவரும் கைகட்டி அசையாமல் நின்றிருந்தார்கள். ராஜா அவர்களைப் பார்த்தார். "இவ்வளவு நேரமாகியும் ஏனடா திறக்கவில்லை?"

"மகாராஜா கைதட்டவில்லையே!"

"எதுவரை நின்றிருப்பீர்கள்?"

மூத்த காவலன் பெருமையாக நெஞ்சை நிமிர்த்தினான். "உயிர் போகும்வரை, மகாராஜா!"

"யார் உயிர்?"

ராஜா அந்த இடத்திலேயே சட்டத்தை ரத்து செய்தார். மந்திரியின் மோதிரம் மந்திரியிடமே இருந்தது. ராஜாவின் முத்துமாலையும் அவர் கழுத்துக்கு வந்தது. கஜவல்லிக்கு வண்டி நிறையக் கரும்பு போனது.

"சூரப்பா, இனி நான் எந்த அறைக்குள் போனாலும் கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு நிற்பது உன் வேலை."

சூரப்பன் தலைகுனிந்து கேட்டான்: "வேட்டி மாற்றும்போதுமா, மகாராஜா?"

"அப்போதும்தான். மூஞ்சியை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்."