நாலாவது ஜன்னல்

ஓர் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வரிசை இருந்தது. அதற்கு ஒரே ஆசை, எப்படியாவது செத்துத் தொலைய வேண்டும். நின்று நின்று கால் வீங்கிய பிறவி. தன்னில் நிற்பவர்கள் வீடு போய்ச் சேர்ந்தால்தானே அதற்கு விமோசனம்?

கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றார்கள். வரிசைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வந்ததும் வராததுமாகத் திரையிலேயே சந்தனமும் குங்குமமும் அப்பினார்கள். கம்ப்யூட்டர் அதையும் பொறுத்துக்கொண்டு வரிசையிடம் சொன்னது:

"பேரைச் சொன்னா சீட்டு கையில. மத்தியானத்துக்குள்ள நீ இருக்க மாட்டே."

"உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்" என்றது வரிசை.

ஆனால் அங்கே சூப்பரிண்டெண்ட் தணிகைவேல் என்று ஒருவர் இருந்தாரே! கையால் பேர் எழுதுவதை நிறுத்தக் கூடாது, எதுக்கும் இருக்கட்டும் என்றார். முதல் ஜன்னலில் எழுத்து, இரண்டாவதில் கம்ப்யூட்டர். இதைப் பார்த்து ரப்பர் ஸ்டாம்புக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் படாத காகிதமும் ஒரு காகிதமா என்று அவர் மேஜையில் புரண்டு அழுதது. சரி, அதற்கும் ஒரு ஜன்னல். எதுக்கும் இருக்கட்டும்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஒரு வரிசை மூன்றானது. மகனுக்கு மாதாமாதம் மூச்சிரைப்பு மருந்து வாங்க வரும் செண்பகவல்லி, இழுத்து இழுத்து மூச்சுவிடும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றையும் கடந்தாள். ஸ்டாம்பு விழும் நேரத்தில் மணி அடித்து ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். மருந்து இல்லை. வரிசை நேரே தணிகைவேலிடம் போனது.

"ஐயா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றது.

"கமிட்டி போட்டிருக்கோம். அதுல நீ இல்லை" என்றார் தணிகைவேல்.

கமிட்டி ஏசி அறையில் கூடி, முந்திரி பகோடா தின்று, தப்பெல்லாம் கம்ப்யூட்டர் மேல்தான் என்று முடிவு கட்டியது. இதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கினார்கள். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

அடுத்த மாதம் புதுசு வந்து இறங்கியது. வரிசைக்கு அப்போதும் நப்பாசை விடவில்லை.

"அப்போ பழைய கம்ப்யூட்டரையாவது எடுத்துடுவீங்கதானே?"

தணிகைவேல் பழசைத் திரும்பிப் பார்த்தார். குங்குமம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"எதுக்கும் இருக்கட்டும்."

செண்பகவல்லி பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நாலாவது ஜன்னலுக்கு நடந்தாள். வரிசையும் அவள் பின்னாலேயே போனது.