அண்ணன் என்று சொன்னவன்

ஜெபசிங்குக்கு அன்று தலைகால் புரியவில்லை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் எழுவதற்குள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பேராசிரியை மெஹருன்னிசாவின் மேசைக்கு ஓடினான்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவர் சொல்லிக்கொடுத்தது ஒரு விநோதமான பாடம். இணையத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி கிடக்கிற படம், வீடியோ, வரைபடம், இவற்றை மட்டும் வைத்து எது எங்கே நடந்தது என்று துப்புத் துலக்க வேண்டும். அதில் ஜெபசிங் சூரப்புலி. அதைத் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டு திரிவான் என்பதுதான் கொஞ்சம் தொந்தரவு.

“மேடம், நான் எப்போ முழு ஆய்வாளன் ஆவேன்?”

“என்ன செஞ்சே, காட்டு.”

காட்டினான். ஒரு மொட்டைமாடி, கொடியில் துணி, துணிக்கு நடுவே சிரிக்கும் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் ஒரு மாதா கோயில் கோபுரம் பாதி தெரிந்தது.

“நாங்க துப்பறியிற ஆன்லைன் குரூப்ல ஒருத்தர் இதைப் போட்டிருந்தார், மேடம். தங்கச்சியோட தோழி யாரோ நெட்ல விட்ட படமாம். தங்கச்சி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, அம்மா சாப்பிடாம கிடக்காங்க, கண்டுபிடிச்சுக் கொடுங்கன்னு ஒரே அழுகை. கோபுரத்தை வெச்சு ஊரைப் பிடிச்சேன், நிழலை வெச்சு திசையைப் பிடிச்சேன். திருப்பூர்ல ஒரு லேடீஸ் ஹாஸ்டல். நேத்தே அட்ரஸ் கொடுத்துட்டேன். குரூப்ல ஒரே கைதட்டல்!”

“இடம் சரிதானா?”

“நீங்க சொன்ன மாதிரி எல்லாத்துக்கும் ரெண்டு ஆதாரம், மேடம். கோபுரத்துக்கு ரெண்டு, பின்னால இருக்கிற தண்ணித் தொட்டிக்குக்கூட ரெண்டு.”

“அண்ணனுக்கு?”

ஜெபசிங் விழித்தான். “புரியல, மேடம்.”

“அவர் அண்ணன்தான்னு யார் சொன்னா?”

“அவரேதான்...”

“தேடு.”

தேடினான். ரொம்ப நேரம் ஆகவில்லை. அந்த ‘அண்ணன்’ குரூப்பில் வைத்திருந்த கணக்கே போன வாரம்தான் தொடங்கப்பட்டிருந்தது. அதன் முகப்புப் படத்தில் இருந்த மீசைக்காரரோ எங்கோ ஒரு வேட்டி விளம்பரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அடக் கடவுளே! தண்ணித் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவன் இதை ஒரு தடவை பார்க்கவில்லை.

மெஹருன்னிசா அதற்குள் விடுதிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“அண்ணனா?” என்றார் வார்டன் அம்மா. “அவளுக்குக் கூடப் பொறந்தவங்களே கிடையாதுங்க. புருஷன் கையால சூடு வாங்கிட்டு, உசுரு பிழைச்சா போதும்னு ஓடியாந்த புள்ளைங்க.” பேச்சு சட்டென்று நின்றது. “ஐயோ! காலைல இருந்து கேட்டுக்கு எதுக்க ஒருத்தன் பைக்ல உக்காந்திருக்கானுங்க!”

ஜெபசிங் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“கேட்டைப் பூட்டுங்க. அந்தப் பொண்ணை வெளியே விடாதீங்க,” என்ற மெஹருன்னிசா, அடுத்த போனைப் போலீசுக்குப் போட்டார்.

போலீஸ் வந்து பைக்கில் இருந்தவனைப் பிடித்தது; அவளுடைய புருஷன்தான். அவன் பையில் ஒரு கேன் பெட்ரோல் இருந்தது. அந்தப் பெண்ணை அன்றைக்கே வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கிடைத்த வேலை, பழகின தோழிகள், எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவள் போனாள்.

ஜெபசிங்குக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த மொட்டைமாடிச் சிரிப்பு. கடைசியில் மெஹருன்னிசாவின் அறை வாசலில் போய் நின்றான்.

“மேடம், அவங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது. இப்போ எங்க இருக்காங்க?”

“தெரியாது.”

“வார்டன் சொல்லலையா?”

“நான் கேக்கல.”

“நீங்க தேடினா கண்டுபிடிச்சிடலாமே, மேடம்?”

மெஹருன்னிசா அவனை நிமிர்ந்து பார்த்தார்.

“கண்டுபிடிச்சிடலாம். அதனாலதான் தேடல,” என்றார்.

ஜெபசிங் வாசலிலிருந்து திரும்பி நடந்தான்.