நூற்றில் பூட்டிய கார்டு

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம். வகுப்பு மட்டும் நடக்க மாட்டேங்குது" என்றார் இருதயராஜ்.

ஜெய்த்தூன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு அறைக்குள் வந்தார்.

அது மலைமேல் இருந்த ஒரு விடுதிப் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை. கீழே ஊரிலிருந்து கோதண்டம் சார் வீடியோவில் பாடம் எடுத்தார். அரையாண்டுத் தேர்வில் பாதிப் பேர் தேறவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் மகளை மில் வேலைக்குக் கூட்டிப் போய்விடுவேன் என்று அந்த வகுப்பு மாணவி உண்ணாமலையின் அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இருதயராஜ் வேதியியல் ஆசிரியர், ஐம்பதைத் தாண்டியவர். பள்ளியின் இணையத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காததால் தானே கற்றுக்கொள்ளத் தொடங்கினார். சனிக்கிழமைகளில் மலையிறங்கிப் போய் ஜெய்த்தூனிடம் பாடம் கேட்பார். ஜெய்த்தூன் நெட்வொர்க் எஞ்சினியர், அவரைவிட இருபது வயது இளையவர்.

இன்று ஆசிரியர் மாணவரைத் தேடி மலையேறி வந்திருந்தார்.

"என்னென்ன பண்ணீங்க சார்?"

"கேபிளை மாத்தினேன். சுவிட்ச் பெட்டியை மாத்தினேன். கம்பெனிக்காரங்களோட சண்டை போட்டேன். சும்மா சோதிச்சா நல்லா ஓடுது. கோதண்டம் சார் போர்டுல எழுத ஆரம்பிச்சதும் திக்கித் திணறுது."

மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த இணையம் முதலில் அதற்குள் நுழைந்தது. பிறகு ஒரு கேபிள் வழியாகச் சுவிட்ச் பெட்டிக்குப் போய், அங்கிருந்து வகுப்பறைகளுக்குப் பிரிந்தது.

ஜெய்த்தூன் அந்தக் கேபிளை விரலால் தொட்டார்.

"இதுக்கு ரெண்டு முனை. நீங்க எந்த முனையைப் பார்த்தீங்க?"

"கம்ப்யூட்டர் முனையை."

"இன்னொன்னு?"

இருதயராஜ் சுவிட்ச் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

ஜெய்த்தூன் இரண்டு முனைகளின் அமைப்பையும் திரையில் அருகருகே திறந்தார். கம்ப்யூட்டரில் கேபிளைச் செருகும் நெட்வொர்க் கார்டு: வேகம் நூறு, ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்யலாம். சுவிட்ச்: வேகம் நூறு, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம்.

"கார்டை இப்படி வெச்சது யாரு?"

"நான்தான்."

"சுவிட்சை?"

"அதை யாரும் தொடலையே மேடம். யாரும் அதுகிட்ட எதுவும் சொல்லல."

"அதான்."

இருதயராஜுக்கு விளங்கவில்லை.

"கேபிளைச் செருகினதும் ரெண்டும் ஒன்னையொன்னு விசாரிச்சுக்கும் சார். உன்னால என்ன முடியும், என்னால என்ன முடியும்னு. நீங்க கார்டை நூறுல பூட்டிட்டீங்க. அது வாயே திறக்காது. சுவிட்ச் விசாரிச்சுப் பார்த்தது, பதில் வரல. சரி, அந்தப் பக்கம் பேசும்போது நாம பேசக் கூடாதுன்னு அதுவா முடிவு பண்ணிக்கிச்சு."

"கார்டு?"

"அதுக்கு இது தெரியாது. இஷ்டத்துக்குப் பேசும். சுவிட்ச் பேசிக்கிட்டு இருக்கும்போதும் பேசும். உடனே சுவிட்ச் பாதியில நிறுத்திடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆரம்பிக்கும்."

ஜெய்த்தூன் திரையில் சுவிட்ச் பக்கமிருந்த ஒரு எண்ணைக் காட்டினார். வகுப்பறைகளிலிருந்து வெளியே போகப் புறப்பட்டுப் பாதியில் நின்றுபோனவற்றின் கணக்கு. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஏறிக்கொண்டிருந்தது.

"இவ்வளவா?"

"இத்தனை மாசமா."

இருதயராஜ் சுவிட்ச் பெட்டியின்மேல் கை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"போன வருஷம் ஆட்டோவுலதான், அதுவா முடிவு பண்ற மாதிரிதான் விட்டிருந்தேன் மேடம். வேகம் பத்துக்கு இறங்கிடுச்சு. அதனாலதான் பூட்டினேன்."

"அப்போ கேபிள் எப்படி இருந்தது?"

"எலி கடிச்சிருந்தது."

"அந்தக் கேபிளால முடிஞ்சது பத்துதான். ஆட்டோ உண்மையைத்தானே சொல்லியிருக்கு."

இருதயராஜ் கையை எடுத்தார். "சுவிட்சையும் அதே மாதிரி பூட்டிடலாமா?" என்று கேட்டார்.

"பூட்டலாம். நூறுலயே ஓடும்."

ஜெய்த்தூன் விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்திவைத்தார்.

இருதயராஜ் நூறைப் பார்த்தார். அவரே தேர்ந்தெடுத்து வைத்த எண். அதை எடுத்துவிட்டு ஆட்டோவில் வைத்தார்.

சுவிட்சில் பச்சை விளக்கு அணைந்தது.

"போச்சா மேடம்?"

ஜெய்த்தூன் உதட்டின்மேல் விரலை வைத்தார்.

அறையில் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. கேபிள் அப்படியே கிடந்தது. அதற்குள் எதுவோ நடந்துகொண்டிருந்தது. இருதயராஜ் கோயிலில் நிற்பவர்போல நின்றார்.

விளக்கு எரிந்தது. திரையில் இரண்டு பக்கமும் ஒரே எண்.

"ஆயிரமா? நான் வைக்கலையே."

"அதுங்களே வெச்சுக்கிச்சு. ரெண்டாலயும் முடிஞ்சதுல பெருசு எதுவோ, அது."

"நேத்தும் முடிஞ்சிருக்குமா?"

"நீங்க கேபிளை மாத்தின அன்னைக்கே."

"எல்லா இடத்துலயும் இப்படித்தானா மேடம்?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

"உலகத்துல யார் எங்க கேபிள் செருகினாலும் இப்படித்தான்."

மணி அடித்தது. இருவரும் வகுப்பறைக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றார்கள்.

திரையில் கோதண்டம் சார் போர்டில் எழுதிக்கொண்டே பேசினார். எழுத்து உடையவில்லை, குரல் திக்கவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உண்ணாமலை எழுந்தாள்.

"சார், மூணாவது வரி எப்படி வந்துச்சு?"

போர்டில் ஓடிய கை நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"யாரும்மா அது?"

"உண்ணாமலை சார்."

அவர் மூன்றாவது வரியை அழித்துவிட்டு நிதானமாக மறுபடி எழுதினார். அவள் தலையாட்டினாள். அதையும் அவர் பார்த்தார். சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"இந்த வருஷம் முழுக்க உங்கள்ல ஒருத்தர்கூட என்கிட்ட கேள்வி கேட்டதில்லையேம்மா."

"கேட்டோம் சார்" என்றாள் உண்ணாமலை. "தினமும் கேட்டோம்."