புற்றோரம் கிடந்த காளான் அடிகள்

ராஜாவின் பெயர்கூட எட்டாத தொலைவில், ஒரு காலத்தில் ஒரு மலைக்காடு இருந்தது. கேளுங்கள், அங்கே காளான் பறிப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பறித்தவரே பார்த்து முடிவு செய்யக் கூடாது. இன்னொருவர் கூடையைக் கவிழ்த்து, ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, "ஆகும்" என்று சொன்ன பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். பசித்த கண்ணுக்கு எல்லாமே நல்ல காளானாகத் தெரியும். இது அவர்கள் பட்டு அறிந்தது.

அந்த ஆண்டு தினை விளையவில்லை. இளவேனில் மழை பெய்தும் காட்டில் காளான் அரிதாகவே முளைத்தது. சடைச்சி மட்டும் ஓடைக்கு அப்பால் ஒரு செம்மண் புற்றைக் கண்டாள். அதைச் சுற்றிக் காளான் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. காய்ச்சலில் கிடந்து எழுந்த அவள் புருஷன் வெள்ளையன் எலும்பும் தோலுமாக இருந்தான். ஊருக்குத் தெரிந்தால் அவனுக்கு என்ன மிஞ்சும்?

அடியில் ஒட்டிய செம்மண் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அடிகளை அங்கேயே வெட்டி எறிந்தாள்.

முதல் நாள், கூடையைக் கவிழ்த்த நாத்தனார் ஒச்சாயி கேட்டாள்: "அடியைக் காணோமே, மதினி?"

"மண்ணையும் சேர்த்துச் சுமக்கணுமா?" என்றாள் சடைச்சி.

ஒச்சாயி முகர்ந்து பார்த்தாள். தயங்கி, "ஆகும்" என்றாள். வெள்ளையன் சாப்பிட்டான்.

இரண்டாம் நாள் ஒச்சாயி சிரித்தாள். "காலைக் காட்டாம கழுதையை விக்கிற மாதிரி இருக்கு, மதினி." அன்றும் தயங்கித்தான் "ஆகும்" என்றாள். வெள்ளையன் எழுந்து வாசல்வரை நடந்தான்.

மூன்றாம் நாள் அவள் சிரிக்கவில்லை.

"நஞ்சுக் காளானுக்கு அடியிலதான் கிண்ணம் இருக்கும். அடி இல்லாததுக்கு நான் ஆகும்னு சொல்லமாட்டேன். சாப்பிடப்போறது என் அண்ணன்."

"உனக்குப் பங்கு வரலேன்னு வயித்தெரிச்சல்!" சடைச்சி கூடையைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அன்று வெள்ளையன் சட்டியை வழித்துச் சாப்பிட்டான். "உனக்கு?" என்று கேட்டான்.

"நான் அப்பவே சாப்பிட்டாச்சு" என்று பொய் சொன்னாள் அவள். அவனுடைய முகத்தில் தெளிவு கண்டு அவளுக்கு வயிறு நிறைந்தது.

விடிந்ததும் அவனுக்கு வயிறு முறுக்கியது. நடுவில் ஒரு பொழுது தேறியவன் போலக் கஞ்சி கேட்டான். பிறகு போய்ச் சேர்ந்துவிட்டான்.

மண்ணள்ளிப் போட்ட பின் ஒச்சாயி அழவில்லை. "இடத்தைக் காட்டு" என்றாள். சடைச்சி முன்னே நடந்தாள்.

புற்றோரம் அவள் வெட்டி எறிந்த அடிகள் வாடிக் கிடந்தன. செம்மண் ஒட்டிய நீண்ட வேர்கள். அவற்றின் நடுவே மூன்று மட்டும் வேரில்லாமல், உடைந்த முட்டை ஓடு போன்ற வெள்ளைக் கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தன. அவற்றிலும் அவளுடைய கத்தி பட்டிருந்தது.

ஒச்சாயி அந்த மூன்றையும் பொறுக்கிச் சடைச்சியின் உள்ளங்கையில் வைத்தாள். திரும்பி நடந்தாள்.

தன் பங்கைக் காப்பதற்காக அடையாளத்தை மறைக்கிறவர், தன்னைக் காக்கும் அடையாளத்தையும் சேர்த்தே மறைத்துவிடுகிறார்.