கார்னருக்குப் பக்கத்தில் நின்றவன்

“போன வருஷம் நான் எங்க தப்பு பண்ணேன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லை, மேடம்.”

பெர்க்மான்ஸ் இதை ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆவுடையம்மாள் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு சுளைகளை அவரிடம் நீட்டினார். 

பெர்க்மான்ஸுக்கு நாற்பத்தெட்டு வயது. திருச்சியில் ஒரு கல்லூரியில் இருபது வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவர். கபடிக் கிறுக்கு முற்றி வேலையை விட்டுவிட்டு, பொதிகை என்ற தொழில்முறை அணிக்கு ஆள் பார்த்துச் சொல்ல வந்தவர். ஆவுடைக்கு முப்பத்தாறு. மாநிலப் பெண்கள் அணியில் ஆறு வருடம் ஆடி, முழங்கால் போன பிறகு பொதிகைக்குத் தேர்வாளர் ஆனவர். வயதில் இளையவர்தான். ஆனாலும் பெர்க்மான்ஸ் கபடி படித்தது அவரிடம். அவர் இவரை அண்ணே என்பார். இவர் அவரை மேடம் என்பார்.

போன வருடம் பெர்க்மான்ஸ் தேர்ந்தெடுத்தவன் பெயர் ஜெபஸ்டின். இடது கார்னர். கல்லூரி ஆட்டங்களில் அவனளவுக்கு யாரும் பிடித்ததில்லை. பொதிகைக்கு வந்து ஐந்து ஆட்டம் ஆடினான். ஒரே ஒரு பிடி. அதன் பிறகு பெஞ்சில் உட்கார்ந்தான். சீசன் முடிவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். பஸ் ஏற்றிவிடப் போனவர் பெர்க்மான்ஸ்.

ஜன்னல் வழியாக அவன் கேட்டான்: “எனக்கு என்ன சார் ஆச்சு?”

பஸ் கிளம்பியது.

“அவன் காலேஜ்ல ஆடும்போது,” என்றார் ஆவுடை, கடைசிச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு, “பக்கத்துல கை கோத்து நின்னவன் பேரு என்னண்ணே?”

பெர்க்மான்ஸ் லேப்டாப்பைத் திறந்தார். தேடினார். மூடினார்.

“தெரியல.”

ஆவுடை தோலைப் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட எழுந்து போனார்.

*

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் போட்டி. மூன்று மணிக்கு இறுதி ஆட்டம். பொதிகையில் கல்லூரி ஆட்டக்காரருக்கு என்று ஒரே ஓர் இடம் இருந்தது. பெயரை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

அலுவலகத்திலிருந்து மேலாளர் காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்.

“ரிஷிகேசன்தானே? வீடியோ பாத்து முதலாளி அசந்துட்டாரு. இந்தத் தடவையும் சொதப்பினா உங்க இடமும் நிலைக்காது சார். மனசுல வச்சுக்கங்க.”

ரிஷிகேசன் இடது கார்னர். ஐந்து ஆட்டத்தில் முப்பத்தோரு முறை பாய்ந்து இருபத்திரண்டு பேரைப் பிடித்திருந்தான். பெர்க்மான்ஸின் தாளில் அவன் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு இருந்தது.

ஆவுடை அந்தத் தாளை வாங்கி, அதே அணியில் வேறொரு பெயரின் மேல் விரலை வைத்தார்.

சுயம்பு. இடது கவர்.

ஓரத்தில் நிற்பவன் கார்னர். அவன் கையைக் கோத்தபடி உள்ளே நிற்பவன் கவர். பாடி வரும் ரெய்டர் கார்னரை ஏமாற்றிவிட்டால் பின்னால் மிச்சம் இருக்கும் ஒரே ஆள் கவர்தான்.

“இவன்கிட்ட என்ன இருக்குன்னு பாக்கச் சொல்றீங்க? அஞ்சு ஆட்டத்துல ஒன்பது தடவை இறங்கியிருக்கான். நாலு பிடி.”

“ஆமா.”

“அடுத்த மாசம் வயசு வரம்பு தாண்டிடுவான். இந்த வருஷம் விட்டா அவ்வளவுதான். தூத்துக்குடியில மாமாவோட ஐஸ் பேக்டரிக்கு வர்றேன்னு ஏற்கெனவே சொல்லிட்டானாம்.”

“ஆமா.”

“நாலு பிடிக்கு நான் எப்படி அவனை எழுதுறது?”

ஆவுடை தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டு மணிக்கு ட்ராக் பேன்ட் போட்டுட்டு வாங்க.”

*

ரிஷிகேசனும் சுயம்புவும் ஆடும் அணியின் கோச்சிடம் ஆவுடை ஏதோ பேசினார். கோச் தலையாட்டினார். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

“ரிஷி, நீ வெளியே வா. அண்ணே, நீங்க கார்னர்ல நில்லுங்க.”

“விளையாடாதீங்க மேடம். எனக்கு வயசு...”

“கண்ணாடியைக் குடுங்க.”

கொடுத்தார். எதிரே நின்றவர்கள் கலங்கிய நிறங்களாக ஆனார்கள். நடுக்கோடு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. யாரோ சிரித்தார்கள். ரிஷிதான் என்று குரலில் தெரிந்தது.

சுயம்பு பக்கத்தில் வந்து நின்றான். உயரம் குறைவு. விரல்களில் பிளாஸ்திரி சுற்றியிருந்தான்.

“சார், கையை இறுக்கிப் பிடிக்காதீங்க. சும்மா வச்சிருந்தா போதும்.”

“எனக்கு எதுவுமே தெரியல தம்பி.”

“பரவால்ல சார்.”

முதல் ரெய்டு. கபடி கபடி என்ற சத்தம் நெருங்கியது. ஏதோ ஒன்று அசைந்தது. கையை உதறிவிட்டுப் பாய்ந்தார். வெறும் விரிப்பில் விழுந்தார். ரெய்டர் அவர் முதுகைத் தட்டிவிட்டுப் போனான்.

இரண்டாவது ரெய்டு. இந்த முறை பயத்தில் நின்றுவிட்டார். ரெய்டரின் கால் விரல் முட்டியைத் தொட்டது. அவ்வளவுதான்.

“போதும் மேடம்.”

“இன்னும் ஒண்ணு,” என்றார் ஆவுடை.

மூன்றாவது. கண்ணால் பிரயோஜனம் இல்லை என்று பெர்க்மான்ஸ் விட்டுவிட்டார். கையை மட்டும் வைத்திருந்தார்.

சத்தம் வலமிருந்து இடமாக வந்தது. சுயம்புவின் கை லேசாகக் கீழே அழுந்தியது. அவர் இடுப்பு தானாக இறங்கியது. சத்தம் நெருங்கியது. பாய வேண்டும் போல இருந்தது. கை விடவில்லை. சத்தம் இன்னும் நெருங்கியது. மூச்சுக்காற்று முகத்தில் பட்டது போல இருந்தது. கை விடவில்லை. இரண்டு விரல்கள் மட்டும் அவர் மணிக்கட்டில் இறுகின. இப்போது இல்லை, இப்போது இல்லை என்பது போல.

பிறகு அந்தக் கை திறந்தது.

எப்படி விழுந்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. விழுந்த இடத்தில் ஒரு கணுக்கால் இருந்தது. கட்டிக்கொண்டார். அடுத்த நொடி ரெய்டரின் மேல் சுயம்பு விழுந்தான்.

விரிப்பில் கன்னத்தை வைத்தபடி பெர்க்மான்ஸ் படுத்திருந்தார். வாழ்க்கையில் அவர் பிடித்த முதல் ஆள்.

யாரும் சிரிக்கவில்லை. ரிஷி குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தான். மறுபடி கட்டினான்.

சுயம்பு அவரைத் தூக்கி நிறுத்தி, தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினான்.

“நல்ல பிடி சார்,” என்றான்.

*

கேலரியில் ஏறி உட்காரும்போது பெர்க்மான்ஸின் முழங்கை எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“ஜெபஸ்டினுக்குப் பக்கத்துல நாம யாரை நிறுத்தினோம் மேடம்?”

“யாரு கிடைச்சாங்களோ அவங்களை.”

பெர்க்மான்ஸ் முழங்கையை ஊதிக்கொண்டார். பிறகு சொன்னார்: “சுயம்புதான். எழுதிடலாம்.”

“அவசரம் என்னண்ணே?”

“எனக்குப் புரிஞ்சிடுச்சு மேடம்.”

“புரிஞ்சது கைதான். ஆள் மிச்சம் இருக்கான்.”

விசில் ஊதியது.

பெர்க்மான்ஸ் இந்த முறை ரெய்டரைப் பார்க்கவில்லை. எல்லோரும் பந்தயக் குதிரையைப் பார்ப்பது போல ரெய்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கோத்திருந்த இரண்டு கைகளையே பார்த்தார். கை திறக்கும்போதெல்லாம் ரிஷி பாய்ந்தான். பிடித்தான். கூட்டம் ரிஷியின் பெயரைச் சொல்லிக் கத்தியது. ரிஷி தொடையைத் தட்டிக்கொண்டான். சுயம்பு தன் இடத்துக்குப் போய் மறுபடி கையை நீட்டினான்.

முப்பதுக்கு இருபத்தொன்பது. ஒரு புள்ளி முன்னிலை. எதிரணிக்குக் கடைசி ரெய்டு.

வந்தவன் நெட்டையன். நேரே இடப்பக்கம் வந்தான். காலை நீட்டினான். இழுத்துக்கொண்டான். மறுபடி நீட்டினான். ரிஷியின் தோள் முன்னால் சாய்ந்தது. கை விடவில்லை.

ரெய்டர் பின்வாங்கினான். திரும்பிப் போகப்போகிறவன் போல முதுகைப் பாதி காட்டினான். தூண்டில் அது. கேலரியில் இருந்த பெர்க்மான்ஸுக்கே தெரிந்தது.

ரிஷி தலையை நிமிர்த்தினான். ஒரே ஒரு நொடி. அவன் பார்த்தது ரெய்டரை இல்லை. கேலரியை. ஆவுடையும் பெர்க்மான்ஸும் உட்கார்ந்திருந்த இடத்தை.

“வேண்டாம்டா,” என்று பெர்க்மான்ஸ் வாய்க்குள் சொன்னார்.

ரிஷி கையைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்தான்.

கால் அங்கே இல்லை. ரெய்டர் அவன் தலையைத் தாண்டிக் குதித்தான். போகிற போக்கில் அவன் தோளில் கை வைத்தான். ஒரு புள்ளி. சமன். இனி மற்றவர்கள் அசையாமல் நின்றால் போதும். டை பிரேக்கருக்குப் போகும்.

சுயம்பு போனான்.

நடுக்கோட்டுக்கு இரண்டடி முன்னால் ரெய்டரின் இடுப்பைப் பிடித்தான். இருவரும் விழுந்தார்கள். பிடி இறுகியது. ரெய்டர் கையை நீட்டினான். விரல் நுனி கோட்டின் மேல் இருந்தது.

நடுவர் இரண்டு விரல்களைக் காட்டினார். ரிஷிக்கு ஒன்று, சுயம்புவுக்கு ஒன்று.

முப்பது, முப்பத்தொன்று.

பெர்க்மான்ஸ் ஆவுடையின் முகத்தைப் பார்த்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. இருவரும் எழுந்து கீழே இறங்கினார்கள்.

*

கோச்சுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. பக்கத்தில் எதிரணி குதித்துக்கொண்டிருந்தது.

“ரிஷி போனான், சரி. நீ ஏம்லே போன? நின்னுருந்தா டை. கிறுக்குப் பய மாதிரி ஏம்லே போன?”

சுயம்பு பிளாஸ்திரியை உரித்துக்கொண்டிருந்தான். தாடையில் ரத்தம் கசிந்திருந்தது.

“அவன் போயிட்டாம்லா சார்.”

“அதான் கேக்கேன்.”

“அவன் போயிட்டாம்லா,” என்று மறுபடி சொன்னான். கூட நின்றவன் போனதைத் தவிர அவனிடம் வேறு காரணம் இல்லை என்று பெர்க்மான்ஸுக்குத் தோன்றியது.

ரிஷி சுவரோரமாகத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் யாரும் இல்லை. சுயம்பு தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். மூடியைத் திறந்து அவன் காலடியில் வைத்தான். துண்டுக்குள் தோள்கள் குலுங்கின.

பெர்க்மான்ஸின் போன் அடித்தது. நாலு ஐம்பது.

அவர் ஆவுடையிடம் போனை நீட்டினார். ஆவுடை வாங்கவில்லை. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, அவர் முழங்கையில் இருந்த சிராய்ப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெர்க்மான்ஸ் போனைக் காதில் வைத்தார்.

“லைவ்ல பாத்துட்டோம் சார்,” என்றார் மேலாளர். “ரிஷி கொஞ்சம் அவசரப்பட்டான். போகட்டும். இதுக்கு முன்னாடியே முப்பத்தோரு தடவைக்கு இருபத்திரண்டு பிடி. நல்ல கணக்குதான். அவன் பேரைப் போட்டுடவா?”

“வேண்டாம் சார். சுயம்பு. இடது கவர்.”

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

“ஆட்டத்தைத் தோக்க வச்சவனா?”

“ஆமா.”

“இதுல உங்க வேலையும் இருக்கு சார்.”

“தெரியும்.”

“நீங்க நேத்தே முடிவு பண்ணி வச்சிருப்பீங்க. அந்தக் கடைசி ரெய்டைப் பாத்தீங்களா, இல்லையா?”

“நேத்து என் தாள்ல அவன் பேருக்குக் கீழே கோடுகூட இல்லை சார்,” என்றார் பெர்க்மான்ஸ். “அந்த ரெய்டைப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.”